இருபத்திரண்டு ஆம்பியர்: பழைய கார்களில் மின்வசதி சேர்த்த கதை

ஒரு காரின் உடலுக்குள் ஓடும் மின்கம்பிகளின் முழுக்கட்டுக்கு பிரிட்டிஷ் பொறியியல் வழக்கில் 'லூம்' என்று பெயர். தறிக்கும் அதே சொல்தான். மாரிஸ் ஆக்ஸ்போர்டு தலைமுறைக் கார்களில் அந்தக் கட்டின் மேலுறை பருத்தி நூலால் பின்னப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் பெயர் அத்தனை விசித்திரமாகத் தோன்றாது. கோவைக்குக் கிழக்கே, திருப்பூர் செல்லும் ரயில் பாதையில், விசைத்தறிச் சத்தத்தாலேயே அடையாளம் காணப்படும் சோமனூரில் ஒரு பழைய அம்பாசடரின் டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே பார்க்கிறவருக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் உடனே விளங்கும். ஒவ்வோர் இழைக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை. ஓர் இழையைக் கணக்கில்லாமல் சேர்த்தால் முழுத்துணியும் சுருங்கும்.

பழைய காரில் கண்ணாடியை ஏற்றி இறக்க மோட்டார், நான்கு கதவையும் ஒருசேரப் பூட்டும் பூட்டு, குளிர்சாதனம், நல்ல வெளிச்சம், கைப்பேசிக்கு மின்னேற்றி ஆகியவற்றைச் சேர்ப்பது இன்று பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. இதைப் பொருள் வாங்கும் விஷயமாகவே எல்லோரும் பேசுகிறார்கள்: எந்தக் கருவி, என்ன விலை, எங்கே கிடைக்கும். இதன் வரலாற்றைச் சற்றே புரட்டினால் வேறொன்று தெரிகிறது. ஒரு வண்டியில் எந்த வசதி நிலைக்கும், எது வண்டியையே எரிக்கும் என்பதைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் வரவுசெலவுக் கணக்கு. அந்தக் கணக்கைக் கொங்கு நாட்டு மக்கள் காருக்கு முன்பே வேறு இடங்களில் கற்றிருந்தார்கள் என்பது என் எண்ணம்.

*

காரில் புகுந்த முதல் பெரிய மின்வசதி செல்ஃப் ஸ்டார்ட்டர். அதற்கு முன் வண்டியின் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் மணிக்கட்டு முறியும். மின்மோட்டாரால் எஞ்சினைச் சுற்றலாம் என்ற யோசனை பலருக்கும் இருந்தது. ஆனால் ஓர் எஞ்சினைச் சுழற்றும் வலுவுள்ள மோட்டாரும் அதற்கான பேட்டரியும் காரில் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்றே கணக்கிட்டார்கள்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கும் கல்லாப்பெட்டி இயந்திரங்களுக்கு மின்மோட்டார் பொருத்தும் வேலையில் இருந்தார். கல்லாப்பெட்டியின் இழுப்பறை ஒரு கணம் திறந்தால் போதும். மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. சில நொடிகள் மட்டும் வேலை செய்யும் மோட்டாரை அதன் இயல்பான தாங்குதிறனுக்கு மேல் பலமடங்கு வருத்தலாம், சூடேறுவதற்குள் அது ஓய்ந்துவிடும் என்பதை அங்கே அவர் கண்டிருந்தார். அதே நியாயத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் மின்ஸ்டார்ட்டருடன் வெளிவந்தன.

கணநேரச் சுமை வேறு, நீடித்த சுமை வேறு என்ற கெட்டரிங்கின் கண்டுபிடிப்பு, பின்னால் சேர்க்கப்படும் எல்லா மின்வசதிகளுக்கும் அடிப்படை இலக்கணம். எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 150 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டர் மூன்று நொடி ஓடினால் பேட்டரியிலிருந்து போவது 0.125 ஆம்பியர்-மணி. எட்டு ஆம்பியர் இழுக்கும் ஒரு குளிர்சாதனக் காற்றாடி அதே அளவை ஒரு நிமிடத்துக்குள் குடித்துவிடும். எட்டு ஆம்பியர் இழுக்கும் ஒரு கண்ணாடி மோட்டார் நான்கு நொடியில் கண்ணாடியை ஏற்றிவிடுமானால், ஏறத்தாழ 900 முறை ஏற்றினால்தான் அந்தக் காற்றாடியின் ஒரு மணிநேரச் செலவுக்கு ஈடாகும். பார்வைக்கு ஆடம்பரமாகத் தெரியும் கண்ணாடி மோட்டாரும் கதவுப்பூட்டும் பழைய காருக்குப் பெரும் பாரமில்லை. சாதுவாகச் சுழலும் காற்றாடிதான் அதன் கழுத்தை நெரிக்கும்.

*

இங்கே கொங்கு நாட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். சோமனூர் இருக்கும் அதே சூலூர் வட்டத்தில், கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவை உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கிய கதை இந்தப் பகுதியில் எல்லோரும் அறிந்தது. வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம் அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொடங்கியது அவருடைய போக்குவரத்துத் தொழில், யு.எம்.எஸ். என்ற பெயரில் அது பெருநிறுவனமாக வளர்ந்தது. வந்த இயந்திரத்தை வந்தபடியே ஏற்றுக்கொள்ளாமல் திறந்து பார்க்கும் பழக்கத்துக்குக் கோவையில் ஒரு முன்மாதிரி கிடைத்தது அப்படித்தான்.

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியபோது பஞ்சாலைகள் பெருகின; அவற்றோடு கிணற்று நீரை இறைக்கும் மின்மோட்டாரும் வந்தது. 1937-இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் தொழிற்கூடத்தில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் பொறுப்பில், இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவினார். மோட்டாரும் பம்பும் கோவையின் குலத்தொழில் போலாகிவிட்டன.

மோட்டார் வந்த இடத்தில் அதன் நோயும் வந்தது. மின்னழுத்தம் குறைந்தால் இண்டக்‌ஷன் மோட்டார் தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதிக மின்னோட்டத்தை இழுக்கும். சுருள் சூடேறிக் கருகும். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச இரவில் காத்திருந்த விவசாயிக்கு இது பாடப்புத்தகச் செய்தியாக இருக்கவில்லை. கருகிய மோட்டாரை வண்டியில் ஏற்றி 'காயில் கட்ட'க் கொண்டுபோன செலவு அவருடையது. ஒவ்வொரு சிற்றூரிலும் காயில் கட்டும் கடை முளைத்தது. செம்புக் கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை, வார்னிஷ் காயும் நேரம் ஆகியவற்றைக் கையால் அறிந்த ஒரு தலைமுறை உருவானது. விசைத்தறிக் கூடங்களிலும் இதே பாடம். ஒரே மோட்டார் நீண்ட தண்டைச் சுழற்ற, அதிலிருந்து பட்டைகள் பல தறிகளை ஓட்டிய ஏற்பாடு மாறி, தறிக்கொரு மோட்டார் என்றானபோது, ஒரு கூடத்தின் இணைப்பு எத்தனை மோட்டாரைத் தாங்கும் என்ற கணக்கு தறிக்காரரின் அன்றாடக் கவலைகளில் ஒன்றானது.

கிடைக்கும் மின்சாரம் குறைவு. அதை மீறினால் தண்டனை உடனடி. இந்தப் பாடத்தைப் படித்த கைகளிடம்தான் கார்களின் டைனமோவும் ஸ்டார்ட்டரும் பழுதுக்கு வந்து சேர்ந்தன.

*

இந்தியாவில் பழைய கார்களுக்கு வசதி சேர்ப்பது ஏன் இத்தனை பெரிய கடைத்தெருத் தொழிலாயிற்று என்பதற்கு நம் பொருளாதார வரலாற்றில் விடை உண்டு. 1950-களின் பிற்பகுதியில் மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையை ஒட்டி உத்தரபாராவில் அம்பாசடர் உருவானது. ஃபியட் 1100-இன் இந்திய வடிவம் 1974-இல் பத்மினி என்ற பெயர் பெற்றது. சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961 முதல் உருவானது. உரிமமுறைப் பொருளாதாரத்தில் இந்த மூன்றைச் சுற்றியே நாடு சுழன்றது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்த காரில் சென்ற தலைமுறையின் வசதிகளே இருந்தன. ஏற்றுக்கொள்ளாவிட்டால் வேறு காரும் இல்லை.

வெளியுலகில் நிலைமை வேறு. 1940-ஆம் ஆண்டு மாடலிலேயே பாக்கார்டு கார் குளிர்சாதனத்தோடு வந்துவிட்டது. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் மின்மோட்டாரால் இயங்கும் கண்ணாடிகள் வந்தன. இங்கே தொழிற்சாலை தராததைக் கடைத்தெரு தந்தது. டேஷ்போர்டின் மேல் ஒரு சின்ன மின்விசிறி, வானொலிப்பெட்டி, அதன் பின் கேசட் பிளேயர், கூடுதல் ஹார்ன், மஞ்சள் வெளிச்ச விளக்கு, டேஷுக்கு அடியில் தொங்கும் ஏ.சி. பெட்டி என்று கார்கள் தமக்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டன.

இதற்குத் துணைநின்ற தொழில்களும் தமிழ்நாட்டில் எழுந்தன. 1961-இல் நிறுவப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். சென்னைப் பாடியில் டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்தது. கோவையில் ரூட்ஸ் நிறுவனத்தார் 1970-களின் தொடக்கத்திலிருந்து மின்ஹார்ன் தயாரித்தார்கள். 1975-இல் இயங்கத் தொடங்கிய பிரிக்கால், வேகமானியும் பெட்ரோல் அளவுமானியுமாக டேஷ்போர்டுக் கருவிகளைச் செய்தது. கோவைப் பகுதி கார் உடல்களைச் செய்யாவிட்டாலும், காரின் குரலும் கண்ணும் இங்கே உருவாயின என்று சொல்லலாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991-க்குப் பின் சந்தை திறந்தது. வசதிகள் தொழிற்சாலையிலிருந்தே வரத் தொடங்கின. அதற்குமுன் கட்டாயமாக இருந்த ஒட்டுவேலை மெல்ல அந்தஸ்துச் சின்னமாகி, இப்போது நினைவேக்கத்தின் பகுதியாகிவிட்டது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அப்பாவின் காரை, தாத்தாவின் காரை விற்க மனமில்லாதவர்கள் அதை இன்றைய வெயிலுக்கும் இன்றைய சாலைக்கும் ஏற்றதாக்க முயல்கிறார்கள். அவர்கள் சந்திக்கும் தடையை அடுத்துப் பார்ப்போம்.

*

பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்ச உற்பத்தி 22 ஆம்பியர். மழை பெய்யும் ஓர் ஐப்பசி இரவில் அவினாசி சாலையில் அப்படியொரு கார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 வாட் முன்விளக்கு இரண்டுக்கு 7.5 ஆம்பியர். பக்க விளக்கு, பின்விளக்கு, எண்பலகை விளக்குகளுக்குச் சுமார் 2.5. இக்னிஷனுக்கு 3. வைப்பருக்கு 3. டேஷ்போர்டுச் சிறுவிளக்குகளுக்கு முக்கால். கூட்டினால் ஏறத்தாழ 17. மீதி ஐந்து. பிரேக் மிதித்தால் பின்னால் எரியும் இரண்டு 21 வாட் விளக்குகள் மூன்றரையைக் கேட்கும். கிளம்பும்போது ஸ்டார்ட்டர் எடுத்ததையும் பேட்டரிக்குத் திருப்பித் தர வேண்டும். வடிவமைத்த பொறியாளர் கையிருப்பாக விட்டது அவ்வளவுதான்.

அதில் ஏ.சி. பொருத்தினால் காற்றாடிக்கு எட்டு, கம்ப்ரஸர் கிளட்சுக்கு நான்கு. அறுபது வாட் ஹாலஜன் விளக்கு போட்டால் இன்னும் இரண்டரை. மொத்தம் 31-ஐத் தாண்டுகிறது. வரவு 22, செலவு 31. ஒவ்வொரு மணிக்கும் ஒன்பது ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து கடன். அந்த 22-ம் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது மட்டும் கிடைப்பது. காந்திபுரத்துச் சிக்னலில் எஞ்சின் மெதுவாக உறுமி நிற்கையில் டைனமோ ஏறத்தாழ ஒன்றும் தராது. 'கட்-அவுட்' என்று நம் ஊரில் அழைக்கப்படும் பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தொடுமுனை விலகி, பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுப்பதோடு சரி. புதிதாக ஏ.சி. போட்ட பழைய கார் ஒரு வாரத்தில் தள்ளு ஸ்டார்ட்டுக்கு வருவதன் காரணம் இதுதான். பழி பேட்டரிக்கடைக்காரர் மேல் விழும்.

விடையாக வந்தது ஆல்டர்னேட்டர். அதில் காந்தச்சுருள் சுழல்கிறது, மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாமல் நிற்கிறது; சிலிக்கான் டயோடுகள் மாறுமின்னோட்டத்தை நேராக்குகின்றன. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது பயனுள்ள அளவுக்கு மின்சாரம் தரும். 1960-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் வேலியன்ட்டில் இது வழக்கமான உறுப்பாக வந்தது; பிற நாட்டுக் கார்களுக்குச் சில ஆண்டுகளில் பரவியது.

டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடுவது பிராக்கெட்டும் பெல்ட்டும் சார்ந்த வேலையாகத் தோன்றும். மூன்று கண்ணிகள் அதற்குள் இருக்கின்றன. முதலாவது எர்த்து. 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. பிற்கால ஆல்டர்னேட்டருக்கு எதிர்முனை எர்த்து வேண்டும்; முனை மாறினால் டயோடுகள் ஒரு நொடியில் போய்விடும், பழைய வானொலிப்பெட்டியும் உடன்போகும். இரண்டாவது அம்மீட்டர். அந்தக் கால டேஷ்போர்டு அம்மீட்டர் வழியாகவே பேட்டரியின் முழு மின்னேற்றமும் செல்லும். பெரும்பாலும் முப்பது ஆம்பியருக்குச் செய்யப்பட்டது அது. 45 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டரை அதோடு இணைத்தால் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே ஓர் அடுப்பு உருவாகும். ஆகவே ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த கம்பியொன்று நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். அம்மீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர் வேண்டும். மூன்றாவது, வண்டியின் மற்றக் கம்பிகள். வரவு பெருகிவிட்டது என்பதற்காகப் பழைய கம்பிகளின் தாங்குதிறன் பெருகிவிடுவதில்லை.

*

இந்த மூன்றாவதில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. லூகாஸ் நிற ஒழுங்கில் பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வரும் கம்பி. வெள்ளை சாவி திருகியபின் உயிர்பெறுவது. பச்சை அதே வெள்ளை, ஃபியூஸ் கடந்தபின். ஊதா, சாவி இல்லாமலும் ஃபியூஸ் வழியே இயங்கும் ஹார்னுக்கும் உள்விளக்குக்கும். நீலம் முன்விளக்கு, சிவப்பு பக்கவிளக்கு, கறுப்பு எர்த்து. அந்தத் தலைமுறைக் கார்கள் பலவற்றில் ஃபியூஸ்கள் மொத்தமே இரண்டு. முன்விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸே கிடையாது. இரவில் திடீரென இருட்டாவதைவிட அது மேல் என்று நினைத்தார்கள் போலும். பழுப்புக் கம்பிக்கும் காவலில்லை.

புது வசதி சேர்க்கிறவர் அவசரத்தில் செய்வது, கைக்கெட்டும் பழுப்பிலோ வெள்ளையிலோ உறையைச் சீவி, புதுக்கம்பியைச் சுற்றி, நாடா ஒட்டிவிடுவது. அது அன்றே வேலை செய்யும். சில மாதங்களில் நாடாவின் பசை வெயிலில் இளகும், இணைப்பில் களிம்பேறும், தடை கூடும். தடை கூடிய இடத்தில் பத்து ஆம்பியர் செல்லும்போது, 0.2 ஓம் தடை இரண்டு வோல்ட்டை விழுங்கி இருபது வாட் வெப்பமாக உமிழும். பன்னிரண்டு வோல்ட்டில் எரிய வேண்டிய விளக்கு பத்தில் எரியும். அதற்குக் கிடைக்கும் திறன் ஏறத்தாழ எழுபது விழுக்காடாகச் சரியும். விளக்கு மங்குகிறதே என்று இன்னும் பெரிய பல்பு போடுவார்கள். சூடு இன்னும் கூடும். பருத்தி உறை, பழைய ரப்பர், சிந்திய எண்ணெய், இருபதாண்டுத் தூசி எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. வீட்டு ஃபியூஸ் கேரியரில் தடித்த கம்பியை முறுக்கி வைக்கும் நம் பழக்கம் காருக்குள்ளும் வந்துவிட்டால், தீயைத் தடுக்க வேறு எதுவும் மிச்சமில்லை.

மாற்றுவழி நூற்றாண்டுப் பழையது. தந்திக் காலத்திலிருந்தே இருக்கும் ரிலே. பழைய ஸ்விட்சும் பழைய கம்பியும் கால் ஆம்பியரால் ரிலேயை மட்டும் எழுப்பும். பெருமின்னோட்டம் பேட்டரியிலிருந்து தனிக்கம்பியில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே வைத்த ஃபியூஸைக் கடந்து, ரிலே வழியாகக் கருவிக்குப் போகும். தொழிற்சாலைத் தறியில் ஓர் இழையும் அறுக்கப்படுவதில்லை. அதன் அருகில் இன்னொரு சிறு தறி கட்டப்படுகிறது. கதவுக்குள் போகும் கம்பிக்கு ரப்பர் வளையம் போட்டு, கதவைத் திறந்து மூடும் ஆயிரமாயிரம் மடிப்புகளைத் தாங்க இடம்விட்டு, எர்த்துக்கு வண்ணப்பூச்சைச் சுரண்டி வெற்றுத் தகடு தெரியச் செய்து இணைக்கும் வேலைக்காரர், அரைநாள் வேலைக்கு இரண்டு நாள் கேட்பார். அந்த ஒன்றரை நாளுக்குத்தான் நாம் உண்மையில் பணம் கொடுக்கிறோம்.

நம் காலம் ஒரு சலுகையும் தந்திருக்கிறது. 21 வாட் பிரேக் விளக்கின் இடத்தில் இரண்டு மூன்று வாட் எல்.ஈ.டி. போதும். பின்விளக்குகளையும் உள்விளக்குகளையும் மாற்றினால் மிச்சமாகும் ஆம்பியர்களில் கைப்பேசி மின்னேற்றியும் கதவுப்பூட்டும் பழைய டைனமோவிலேயே இயங்கிவிடும். ஆனால் இதிலும் ஒரு முடிச்சு. பழைய காரின் இண்டிகேட்டர் ஃபிளாஷர், விளக்கின் மின்னோட்டத்தால் சூடாகி வளைந்து விலகும் உலோகத்தால் இயங்குவது. எல்.ஈ.டி.யின் அற்ப மின்னோட்டம் அதைச் சூடாக்காது. விளக்கு கண்சிமிட்டாமல் நிற்கும். விளக்கை மாற்றினால் ஃபிளாஷரையும் மாற்ற வேண்டும். ஓர் இழையைத் தொட்டால் அடுத்த இழை அசைகிறது.

*

சட்டமும் இந்தக் கதைக்குள் வந்துவிட்டது. பதிவுச் சான்றிலுள்ள, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. கண்ணாடி மோட்டாரும் கதவுப்பூட்டும் பதிவுச் சான்றின் விவரங்களைத் தொடுவதில்லை. பல்வேறு சுரங்களில் பாடும் ஹார்னுக்குத் தடை தனியே உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதிகள் 'விண்டேஜ்' என்ற தனிப்பதிவை அனுமதிக்கின்றன. சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பார்க்கிறவர்கள் அவற்றின் எளிய டேஷ்போர்டுகளையும் கவனிக்க வேண்டும். எத்தனை குறைவான ஸ்விட்சுகளோடு மனிதர்கள் ஊர் ஊராகப் போய்வந்திருக்கிறார்கள்!

அப்படியானால் பழைய காரை வந்தபடியே விட்டுவிடுவதுதான் அறமா? அருங்காட்சியகத்துக்கு அது சரி. ஓடும் காருக்கு அந்த வாதம் பொருந்தாது என்பேன். மாரிஸ் மைனரின் கதவுத்தூணிலிருந்து கைபோல் நீண்ட டிராஃபிகேட்டரை விட்டுக் கண்சிமிட்டும் விளக்குக்கு மாறியவர் வரலாற்றுக்குத் துரோகம் செய்துவிடவில்லை. பின்னால் வந்த லாரி ஓட்டுநருக்குத் தன் எண்ணத்தைத் தெரிவித்தார். சித்திரை வெயிலில் எழுபது வயதுத் தாயைப் பின்னிருக்கையில் அமர்த்தி மருத்துவமனைக்குப் போகிறவருக்கு ஏ.சி. ஆடம்பரமில்லை. பழைய பொருள் பயன்பாட்டில் இருக்கும்வரை அதன்மேல் கைகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அந்தக் கைகள் கணக்கறிந்தவையா என்பதே கேள்வி.

சோமனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரும்பான்மையான கூலித்தறிகள் நூற்றாண்டுப் பழைய வடிவமைப்பின் வழிவந்தவை. நூல் அறுந்தால் தறியைத் தானே நிறுத்தும் கருவி முதலியவற்றைச் சாதாரண விசைத்தறிகளில், இருந்த இடத்திலேயே பொருத்திக்கொள்ள நடுவணரசு 2013-இலிருந்து மானியத் திட்டம் நடத்தியது. புதுத்தறி வாங்க முடியாதவர் பழைய தறியின் அறிவைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அதன் நியாயம். அம்பாசடருக்கு ரிலே போடுகிறவரின் நியாயமும் அதுவே. இரண்டு இடத்திலும் இயந்திரத்தின் எலும்புக்கூட்டை அறிந்த ஒருவர் இல்லாமல் புதுக்கருவி பலன் தராது.

அந்த ஒருவர் குறைந்துவருகிறார். இன்றைய கார்களில் கம்பிகளின் இடத்தைக் கணினிப் பெட்டிகள் பேசும் ஒற்றைத்தடம் பிடித்துக்கொண்டது. பழுது பார்ப்பது என்றால் பெட்டியை மாற்றுவது. டைனமோவின் கார்பன் தேய்மானத்தை விரலால் உணர்ந்து, கட்-அவுட்டின் இடைவெளியைச் சீர்செய்து, பழுப்புக்கும் பச்சைக்கும் இருக்கும் வேறுபாட்டை இருட்டில் கூடச் சொல்லக்கூடியவர்களின் மகன்கள் வேறு தொழில்களுக்குப் போய்விட்டார்கள், போக வேண்டியதும்தான். அவர்கள் அறிந்தது எந்தக் கையேட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. பழைய கார் வைத்திருப்போர் புதுக்கருவி ஒன்றை வாங்குமுன் செய்யத்தக்க உருப்படியான காரியம் ஒன்றுண்டு. அப்படிப்பட்ட மின்வேலைக்காரர் ஒருவரை உட்காரவைத்து, தங்கள் வண்டியின் கம்பிப்பாதையை, பிற்காலத்தில் யார் யாரோ சேர்த்த ஒட்டுக்களோடு சேர்த்து, நிறம் குறித்து ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்வது. அதன் ஓரத்தில் வரவு 22 என்றெழுதி, செலவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பது. அடுத்து அந்த வண்டியைத் திறக்கப்போகிறவருக்கு நாம் விட்டுச்செல்லக்கூடியது அந்தத் தாள்தான்.